கூட்டம் என்றாலே சங்கோஜமா? உங்கள் உடையைக் கொஞ்சம் கவனியுங்கள்!

"பெரியம்மா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்..."

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் இளம் பெண் அவள். ஒன்றரை வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, எடுத்த எடுப்பில் இப்படிச் சொன்னதும் எனக்குத் திக்கென்றது.

"கூடப் பொறந்த தங்கச்சிக்கு வளைகாப்பு. குழந்தைக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டுப் போகாம இருந்துட்டேன். குழந்தை நல்லாத்தான் இருந்தான். அன்னையிலருந்து மூணு மாசமா அவ எங்கிட்டப் பேசலை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனப்பகூட முகத்தைத் திருப்பிக்கிட்டா."

"ஏன் போகலை? வீட்டுல ஏதாச்சும் சண்டையா?"

"அதெல்லாம் இல்லை. அத்தை ஆசையா ஒரு சேலை எடுத்துக் கொடுத்தாங்க. கிளிப்பச்சை. பூராவும் ஜிகினா வேலை. 'இதைக் கட்டிட்டுப் போ, எல்லாரும் உன்னையேதான் பாப்பாங்க'ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைதான் பெரியம்மா... கட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னால நின்னேன். கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிருச்சு. அவுத்து வெச்சுட்டு அப்படியே உட்காந்துட்டேன். இப்பக் குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷம் வருது. இதுக்கும் போகலைன்னா உறவே அத்துப்போயிரும்."

ஒரு புடவைக்காகவா என்று சிரிக்கத் தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பேச்சுவாக்கில் அவள் சொன்ன இன்னொன்று என் வாயை அடைத்துவிட்டது. "நீங்ககூட ஒரு தடவை கேட்டீங்களே பெரியம்மா, 'ஏன் எப்பப் பாத்தாலும் அழுதுவடியற கலர்லயே கட்டுறே?'ன்னு. அன்னைக்கு அப்புறம் கீரைக்காரி சத்தம் கேட்டாக்கூட வாசலுக்கு வர யோசனையா இருக்கும்."

நான் கேட்டதே எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கோ தேதி முதற்கொண்டு ஞாபகம் இருந்தது!

பயம் வேறு, சுபாவம் வேறு

சிலர் பத்துப் பேரோடு இருந்தால்தான் தெம்பாக இருப்பார்கள். வேறு சிலருக்குப் பத்துப் பேரோடு ஒரு மணி நேரம் பேசினாலே அலுத்துப் போகும். தனியே உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்தால்தான் மறுபடி தெம்பு வரும். ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங், 1921-ல் வெளியான தமது நூலில் மனிதர்களின் சுபாவத்தை இப்படி வெளிமுகம், உள்முகம் என்று பிரித்துக் காட்டினார். உள்முக சுபாவம் வியாதி அல்ல, குறையும் அல்ல. அது பிறவி வாகு.

கூச்சம் வேறு. 'மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ' என்ற பயம் அது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பதும் உண்டு, தனித்தனியாக இருப்பதும் உண்டு. ஆனால் உடை விஷயத்தில் இரண்டு பேருக்கும் கஷ்டம் ஒன்றுதான். உடுத்தியிருக்கும் துணி உறுத்தினாலோ, நழுவினாலோ, பளபளத்து நாலு பேரைக் கூப்பிட்டாலோ, மனசு பூராவும் அதிலேயே போய்விடும். எதிரில் இருப்பவர் பேசுவது காதில் ஏறாது. 'எப்போது வீட்டுக்குப் போவோம்' என்றே இருக்கும்.

மேலமாசி வீதியில் எடுத்த முடிவு

கூச்சத்துக்கும் உடைக்கும் உள்ள உறவைச் சொல்ல, நம் மதுரையிலேயே ஒரு கதை இருக்கிறது. காந்தியடிகள் சிறு வயதில் படு சங்கோஜி. பள்ளிக்கூட மணி அடித்ததும், யாராவது பேச்சுக் கொடுத்துக் கேலி செய்துவிடுவார்களோ என்று வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாராம். 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கிறார். 1888-ல் படிப்புக்காக இங்கிலாந்து போய் இறங்கியபோது, அருமையாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த வெள்ளை ஃபிளானல் உடையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். பார்த்தால், அத்தனை பேரில் வெள்ளை உடுத்தியவர் இவர் ஒருவர்தான்! பெட்டிகளோ கைக்கு வந்து சேரவில்லை, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாற்றிக்கொள்ளவும் வழியில்லாமல் வெட்கத்தில் குன்றிப் போனார். அப்புறம் விலை உயர்ந்த சூட், உயரமான தொப்பி, டை என்று வாங்கி, கண்ணாடி முன்னால் தினமும் 10 நிமிஷம் செலவழித்த காலமும் உண்டு.

அதே மனிதர் 1921 செப்டம்பரில் மதுரைக்கு வந்தார். ரயிலில் வரும்போது ஜனங்களிடம் கதர் உடுத்தச் சொன்னதற்கு, 'நாங்கள் ஏழைகள், கதர் வாங்கக் கட்டுப்படியாகாது' என்று பதில் வந்தது. தாமோ சட்டை, தொப்பி, நீள வேட்டி எல்லாம் அணிந்திருந்தது அவர் மனசை உறுத்தியது. மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் முடிவெடுத்தார். செப்டம்பர் 22 முதல் இடுப்பில் ஒரு முழத்துண்டுதான். அந்தக் கோலத்தில் அவர் ஜனங்கள் முன் பேசிய இடம், காமராஜர் சாலையில் இன்றும் காந்திப் பொட்டல் என்றே வழங்குகிறது. அக்டோபர் 31 வரையாவது இப்படி இருப்பது என்றுதான் முதலில் நினைத்தார். ஆயுள் பூராவும் அதுவே ஆகிவிட்டது. 1931-ல் லண்டனில் மன்னர் ஜார்ஜ் அரண்மனைக்குப் போனபோதும் அதே துண்டும் சால்வையும்தான்!

யோசித்துப் பாருங்கள். முழுசாக உடுத்தியும் ஒரு நாள் வெட்கப்பட்டவர், அரையாடையில் அரசர் முன்னால் வெட்கப்படவில்லை. முதல் உடை, மற்றவர்கள் மெச்ச வேண்டும் என்று போட்டது. இரண்டாவது, ஏன் உடுத்துகிறோம் என்று தமக்குத் தெரிந்து உடுத்தியது.

நாம் காந்தியாக வேண்டியதில்லை. 'இதை நான் ஏன் உடுத்துகிறேன்?' என்று கேட்டால் ஒரு பதில் வர வேண்டும். 'சௌகரியமாக இருக்கிறது', 'இந்த நிறம் எனக்குப் பிடிக்கும்', 'அம்மா கொடுத்தது' — எதுவானாலும் சரி. 'எல்லாரும் பார்க்கட்டும்' என்பதும், 'யாரும் பார்த்துவிடக் கூடாது' என்பதும் உங்கள் காரணங்கள் அல்ல. இரண்டிலுமே மற்றவர் கண்தான் முன்னால் நிற்கிறது.

உண்மையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மனோதத்துவ நிபுணர்கள் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். அதன் முடிவுகள் 2000-ல் வெளிவந்தன. ஒரு மாணவருக்கு, போட்டுக்கொள்ளவே வெட்கமான படம் போட்ட பனியனைப் போட்டுவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். 'எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?' என்று கேட்டால், 'பாதிப் பேராவது' என்றார்கள் போட்டுக்கொண்டவர்கள். உள்ளே இருந்தவர்களைக் கேட்டால், கவனித்தது கால்வாசிப் பேர் கூட இல்லை!

கல்யாண வீட்டிலும் இதே கதைதான். அவரவருக்கு அவரவர் புடவை மடிப்புக் கவலை. உங்கள் ஜாக்கெட் கையின் சுருக்கத்தைப் பார்க்க யாருக்கு அவகாசம்?

உடம்பு மறக்கிற துணி

நல்ல உடைக்கு நான் சொல்லும் இலக்கணம் ஒன்றே ஒன்று. உடுத்திய கால் மணி நேரத்தில் அதை நீங்கள் மறந்துவிட வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல் வேறொன்று கிடையாது. வியர்வையை உறிஞ்சும், காற்று புகும். பாலியஸ்டர் கசங்காது, இஸ்திரி வேண்டாம் என்பது வாஸ்தவம். ஆனால் சித்திரை, வைகாசியில் அதைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றால் உடம்பு பிசுபிசுக்கும், ஒட்டும். ஒட்டினால் நினைப்பு அங்கேதான் போகும். வாங்கியது பருத்திதானா என்று சந்தேகமா? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, ஜாக்கிரதையாக நெருப்பில் காட்டுங்கள். பருத்தி நூல் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியாக மணி போல் திரளும்.

நம்ம ஊர் சுங்குடியை விட்டுவிட்டு மேலே போக முடியுமா? நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை இது. துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் தோய்த்து எடுப்பார்கள். முடிச்சைப் பிரித்தால் சாயம் ஏறாத இடமெல்லாம் புள்ளி. ஒரு புடவையில் ஆயிரக்கணக்கான முடிச்சுகள்! 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கடைகளில் அச்சுப் புள்ளிதான் அதிகம். கையால் முடிந்ததில் புள்ளிகள் ஒன்று போல் ஒன்று இருக்காது. துணியும் லேசாகச் சுருங்கினாற்போல் இருக்கும். எதுவானாலும் பருத்தியாக இருந்தால் சுகம்தான். அமைதியான சுபாவக்காரர்களுக்கு இது ஏன் பொருத்தம் என்றால், தூரத்தில் ஒரே நிறமாகத் தெரியும். கிட்டே வந்து பேசுகிறவருக்குத்தான் அதன் அழகு தெரியும்.

புதுச் சுங்குடி கஞ்சி மொடமொடப்போடு இருக்கும். உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலசி, நிழலில் உலர்த்துங்கள். இரண்டு மூன்று தடவை துவைத்த பிறகுதான் உடம்போடு படியும். அதனால் புதுப்புடவையை மடிப்பு கலையாமல் நேரே விசேஷத்துக்குக் கட்டாதீர்கள்.

நிறம் விஷயத்தில் ஒரு தப்பு எண்ணம்

'கூச்சப்படுகிறவள் சாம்பலும் மண் நிறமும்தான் உடுத்தணும்' என்று யார் சொன்னது? அரக்கு, கருநீலம், மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை எல்லாமே அமைதியான நிறங்கள்தான், பளபளப்பு இல்லாவிட்டால். கண்ணைக் கூப்பிடுவது பெரும்பாலும் நிறமல்ல, ஜிகினாவும் மினுமினுப்பும்தான். மனசுக்குப் பிடித்த நிறத்தைப் பயத்துக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாரும் பட்டுடுத்தி வரும் கல்யாணத்துக்குச் சாயம் போன வாயில் புடவையில் போனால், அதுதான் முதலில் கண்ணில் படும். கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளை ஃபிளானல் கதையாகிவிடும்! இந்த மாதிரி இடங்களுக்கென்றே சின்னக் கரை போட்ட, கனமில்லாத பட்டோ, நல்ல பருத்திப் புடவையோ இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் 'எதைக் கட்டுவது' என்ற மண்டையிடி மிச்சம்.

வாங்கும்போதும் தைக்கும்போதும்

விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் தீபாவளிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் தைரியசாலிக்கே தலை சுற்றும். வார நாளில், கடை திறந்தவுடன் போய்விடுங்கள். உள்ளே நுழைந்ததும் நிறம், துணி, விலை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். ஐம்பது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டாரே என்ற தாட்சண்யத்துக்காகப் பிடிக்காததை வாங்காதீர்கள். பிரித்துக் காட்டுவது அவர் தொழில். 'பார்த்துட்டு வர்றேன்' என்று சொல்வது உங்கள் உரிமை.

சுடிதார், ரவிக்கை எதுவானாலும் போட்டு நின்று பார்த்தால் போதாது. உட்கார வேண்டும், குனிய வேண்டும், இரண்டு கையையும் தூக்க வேண்டும், குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது இழுத்துவிடத் தோன்றினால், அது உங்களுக்கான உடை இல்லை.

தையல்காரரிடம் 'கழுத்து இவ்வளவு இறக்கம் வேண்டாம்' என்று சொல்லக் கூச்சப்பட்டே எத்தனை ரவிக்கைகள் பெட்டியில் தூங்குகின்றன! வாயால் சொல்ல வேண்டாம். நன்றாகப் பொருந்துகிற அளவு ஜாக்கெட்டோடு, ஒரு துண்டுக் காகிதத்தில் கழுத்து, கை நீளம், கொக்கி முன்பக்கமா பின்பக்கமா என்று எழுதிக் குத்திக் கொடுத்துவிடுங்கள். பால் கொடுக்கும் தாய்மார்கள் முன்பக்கக் கொக்கியும், பிரித்து விட்டுக்கொள்ள உள்தையலில் தாராளமாகத் துணியும் கேளுங்கள். உடம்பு சில மாதத்துக்கு ஒரு தினுசாக மாறும். பழைய அளவில் இறுக்கித் திணித்துக்கொண்டு வேதனைப்படுவானேன்? நாலு பேர் நடுவில் பாலூட்டக் கூசுகிறவர்களுக்குப் பருத்தி முந்தானையைப் போல் மறைவும் இல்லை, காற்றும் இல்லை.

ஆரோக்கியக் குறிப்பு ஒன்று

உள்பாவாடை நாடாவை இறுக்கி, நாள் பூராவும் ஒரே இடத்தில் கட்டுகிறவர்களுக்கு இடுப்பில் கறுத்த தடம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பல வருஷம் உராய்ந்து ஆறாத புண்ணாகி, அது புற்றாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி 2024-ல் ஒரு மருத்துவ இதழில் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். மிக அபூர்வம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் மெல்லிய கயிற்றுக்குப் பதில் அகலப் பட்டை வைத்துத் தையுங்கள். கட்டும் இடத்தை அவ்வப்போது மாற்றுங்கள். வீட்டில் தளர்த்திக் கட்டுங்கள். புண் ஆறாவிட்டால் கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்குள்ளேயும் உடை உண்டு

நைட்டியில் வேலையாக இருக்கும்போது அழைப்பு மணி அடித்தால், துண்டைத் தேடி ஓடுகிறோமே, அந்த ஒரு நிமிஷப் படபடப்பு உள்முக சுபாவக்காரர்களுக்கு இரண்டு மடங்கு. அப்படியே கதவைத் திறக்கக்கூடிய உடையையே வீட்டு உடையாக வைத்துக்கொண்டால் என்ன? தளர்வான பருத்திச் சுடிதாரோ, துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய புடவையோ போதும். பக்கத்தில் ஒரு பை வைத்துத் தைத்தால் சாவியும் போனும் அதில் இருக்கும்.

உங்கள் குழந்தையும் ஒதுங்கி நிற்கும் சுபாவமா? பிறந்த நாளுக்கு நெட் வைத்த கவுனை மாட்டி, 'எல்லாருக்கும் ஆடிக் காட்டு' என்று நடுவில் நிறுத்தாதீர்கள். அழுகைக்குப் பிடிவாதம் காரணமாக இருக்காது. இடுப்பில் குத்தும் தையலோ, கழுத்தில் உறுத்தும் துணிச் சீட்டோ காரணமாக இருக்கலாம். சீட்டை வெட்டிவிட்டு, உள்ளே ஒரு பருத்தி ஷிம்மி போட்டுவிடுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை

இது என்னைப் போன்றவர்களுக்கு. 'ஏன் இப்படி?', 'இன்னும் கொஞ்சம் பளிச்சுனு கட்டக் கூடாதா?' — பாசத்தில்தான் கேட்கிறோம். கேட்டுவிட்டு மறந்தும் போகிறோம். கேட்கப்பட்டவள் மறப்பதில்லை. அடுத்த தடவை வாய் வரை வந்தால் விழுங்கிவிட்டு, 'வா, உட்காரு, காப்பி குடி' என்போம்.

கேட்கப்படுகிறவர்கள் பதிலுக்குத் தவிக்க வேண்டாம். 'எனக்கு இதுதான் சௌகரியம்' என்று சிரித்துக்கொண்டே ஒரு வரி சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் ஒன்று. எந்த உடையிலும் வெளியே போக முடியாதபடி பயம் வாட்டினால், தூக்கமும் பசியும் கெட்டால், அது புடவையால் தீருகிற விஷயம் அல்ல. மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவசத் தொலைபேசி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

பேர் வைத்த அன்று...

என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நான் செய்தது அதிகமில்லை. முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "அத்தைகிட்ட உள்ளதைச் சொல்லு" என்றேன்.

நடுங்கிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். "சேலை பிடிக்காம இல்லை அத்தை. எல்லாரும் பாப்பாங்கன்னாத்தான் எனக்கு உதறல் எடுக்குது." மாமியார் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? உன்னை என்ன கடிச்சா தின்னுருவேன்?" என்றாராம்.

இரண்டு பேரும் சேர்ந்து போய் அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து, விரல் அகலச் சரிகைக் கரை போட்ட ஒரு சுங்குடி எடுத்து வந்தார்கள். இரண்டு தடவை அலசி, ஒரு சாயங்காலம் வீட்டிலேயே கட்டிக்கொண்டு சமைத்து, பையனைத் தூக்கி, ஒத்திகை பார்த்துக்கொண்டாள். விசேஷத்தன்று நானும் போயிருந்தேன். கிளிப்பச்சை ஜிகினாப் புடவையும் வந்திருந்தது. மாமியாரே கட்டிக்கொண்டு வந்துவிட்டார்! மண்டபத்தில் பாதிப் பேர் அவரைத்தான் பார்த்தார்கள். அவருக்கும் அதில் ஒரே பெருமை.

தங்கை ஒன்றும் பேசவில்லை. அக்காவைப் பார்த்தாள், எழுந்து வந்து குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டுப் பந்தி முடிகிற வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. கிளம்பும்போது நான் மெல்லக் கேட்டேன்: "எப்படிம்மா இருந்துச்சு, யாராச்சும் சேலையைப் பத்திக் கேட்டாங்களா?"

"சேலையா?" என்று ஒரு கணம் விழித்தாள் அவள். "அந்த நெனப்பே வரலை பெரியம்மா."